பள்ளிக்குப் பின்னால் ஒரு குருவித் தோட்டம்

எங்கள் பள்ளியில் மணி என்று தனியாக ஒன்று கிடையாது. வாசலில் நின்ற வேப்பமரக் கிளையில் தண்டவாளத் துண்டு ஒன்றைக் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். அதை இரும்புக் கம்பியால் தட்டினால் அதுதான் மணி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், நான் அந்தப் பள்ளிக்குத் தலைமையாசிரியராகப் போன மறு வருஷம், மாசி மாதத்தில், முடிச்சுப் போட்டதுபோக மிச்சமாகத் தொங்கிய கயிற்று நுனியில் ஒரு தேன்சிட்டு கூடு கட்டிவிட்டது.

நாமகிரிப்பேட்டைக்கு மேற்கே, சோளக்காடுகளுக்கு நடுவில் இருந்த பள்ளி அது. ஓட்டுக் கூரை போட்ட ஒரே அறை. ஐந்து வகுப்புகள், நானும் உதவி ஆசிரியர் ஒருவரும். மணியைத் தட்டினால் கூடு ஆடும் என்பதால் குஞ்சுகள் பறக்கும்வரை தட்டுவதில்லை என்று பிள்ளைகளே முடிவு செய்துவிட்டார்கள். நான்காம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். அவள் தாய் பக்கத்துச் சோளக்காட்டில் பரண்மேல் நின்று குருவி ஓட்டுகிறவள். தாயின் குரல் மகளுக்கும் இருந்தது. தினமும் காலையிலும் மதியமும் அவள் வாசலில் நின்று, "பள்ளிக்கூடம் ஆரம்பிச்சாச்சு" என்று ஒரு குரல் கொடுப்பாள். தண்டவாளத்தைவிட அது தூரமாகக் கேட்டது. மதியக் குரலைக் கேட்டுச் சிலர் ஏரை அவிழ்த்துவிட்டுச் சோறுண்ணப் போனதாகவும் சொன்னார்கள்.

குஞ்சுகள் பறந்துபோன அன்று பிள்ளைகள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"ஐயா, அது மறுக்கா வருமுங்களா?"

"இடம் இருந்தா வரும்" என்றேன்.

அந்த ஒரு சொல்லில் ஆரம்பித்தது எல்லாம்.

இடம் இருந்தது. பள்ளிக்குப் பின்னால், சோளக்காட்டை ஒட்டி ஒரு துண்டு நிலம். நிலமும் ஆள்படையும் உள்ளவர்களை எங்கள் பக்கம் பண்ணாடி என்பார்கள். அந்தச் சோளக்காட்டின் பண்ணாடி, பள்ளி கட்டிய காலத்தில், காய்கறித் தோட்டம் போட்டுக்கொள்ளுங்கள் என்று அந்தத் துண்டை வாய்வார்த்தையாக விட்டிருந்தார். எனக்கு எதையும் வரிசையாக வைத்தால்தான் மனம் நிற்கும். நான் வந்ததும் கயிறு பிடித்துச் சதுரம் சதுரமாகப் பாத்தி கட்டி, வரப்புக்குச் சுண்ணாம்பு பூசிய கல் வைத்தேன். கத்திரியை ஆடு தின்றது. வெண்டையைக் கோடை விடுமுறை தின்றது. கற்கள் மட்டும் வரிசை கலையாமல் இருந்தன.

அந்த இடத்தில் குருவிகளும் பட்டாம்பூச்சிகளும் வந்து தங்கும்படி ஒரு தோட்டம் போடலாம் என்று ஒரு வெள்ளிக்கிழமை அறிவித்தேன். "நம் பள்ளிக்கூடத்துக்கு விதவிதமான உயிர்கள் வர வேண்டும். நீங்கள்தான் வரவழைக்க வேண்டும்" என்று சொன்னதாக நினைவு.

திங்கட்கிழமை காலை வரவழைத்திருந்தார்கள். கோழி கவிழ்க்கும் பஞ்சாரத்துக்குள் ஒரு கவுதாரி. தூக்குப் போசியில் மூன்று தவளை. கண் திறக்காத அணில் குட்டி ஒன்று பருத்திப் பஞ்சில். ஒருவன் ஓணானின் இடுப்பில் நூல் கட்டி நடத்திக்கொண்டு வந்தான். எல்லாவற்றையும் எடுத்த இடத்திலேயே விட்டுவிடும்படி சொன்னேன். கவுதாரியின் சொந்தக்காரன் பஞ்சாரத்தைத் தூக்கினான். அது பறக்கவில்லை. இறகை ஒருமுறை உதறிக்கொண்டு வந்த வழியே ஊரைப் பார்த்து நடந்தது. பையன் பின்னாலேயே போனான். "அது பழகுனதுங்க ஐயா, ஊட்டுக்குத்தான் போகும்" என்று திரும்பிப் பார்த்துச் சொல்லிவிட்டு, அன்று முழுவதும் பள்ளிக்கு வரவில்லை.

அதன்பிறகு முறையாகத் தொடங்கினோம். முதலில் வேலி. அமாவாசையன்று எங்கள் பக்கம் ஏர் பூட்டுவதில்லை. அதனால் வைகாசி அமாவாசையில் பெற்றோர்கள் வந்தார்கள். ஆளுக்கு ஒரு கட்டுக் கிளுவைக் குச்சி தோளில். கடப்பாரையால் குழி போட்டு, குச்சியை நட்டு, வெயிலில் உச்சி காயாமலிருக்க வெட்டுவாயில் ஓர் உருண்டைச் சாணியை அப்பினார்கள். சாணி அப்பும் வேலையைப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். வேலை முடிந்தபோது குச்சியில் இருந்ததற்குக் குறையாமல் அவர்கள் மேலும் இருந்தது. பரண்காரப் பெண், ஓரம் உடைந்த கல்தொட்டி ஒன்றைத் தன் புருஷனோடு சேர்ந்து உருட்டிக்கொண்டு வந்து தண்ணீருக்கென்று கொடுத்தாள்.

ஆனியில் மழை விழுந்ததும் கிளுவை துளிர்த்தது. உள்ளே ஆவாரை, நொச்சி, துத்தி, ஓரத்தில் எருக்கு. நடுவில் குருவிகளுக்கென்று விட்ட நாலு பாத்தியில் ஆவணிக் கடைசியில் தினை விதைத்தோம். என் சுண்ணாம்புக் கற்களைப் பிள்ளைகள் பிடுங்கித் தொட்டியைச் சுற்றிக் குவித்தார்கள். குவியலுக்கடியில் அரணை குடியேறியது. வரிசையாக இருந்தவரை அந்தக் கற்களை ஓர் எறும்புகூட எட்டிப் பார்த்ததில்லை.

ஆவணியில் ஒரு நாள் அந்தக் குரல்காரப் பெண் ஓடிவந்தாள்.

"ஐயா, எருக்குல புழுவுங்க. வரிவரியா இருக்குது. நசுக்கிப் போடட்டுங்களா?"

"வேண்டாம். அது பட்டாம்பூச்சியாகும்."

"அதுக்குள்ள எலையெல்லாம் தின்னுபோடுமுங்களே. அப்புறம் செடிய எதுக்குங்க வெச்சோம்?"

"அது தின்னத்தான்."

அவள் பார்வையில் என் புத்தியைப் பற்றிய சந்தேகம் தெரிந்தது. ஆனால் புழுவை நசுக்கவில்லை. பத்துப் பன்னிரண்டு நாளில் இலைக்கடியில் பச்சைக் கூடுகள் தொங்கின. பிறகு ஒரு காலை கணக்குப் பாடம் நடக்கவில்லை. எல்லோரும் எருக்கைச் சுற்றி உட்கார்ந்து, ஆரஞ்சு நிறச் சிறகுகள் உலர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

புரட்டாசியில் பண்ணாடி வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர், நிதானமாகப் பேசுவார், தோளில் துண்டில்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. வேலிக்கு வெளியே நின்று நெடுநேரம் பார்த்தார்.

"ஏனுங்க வாத்தியாரே, காய் போடறதுக்குத்தானே எடத்த உட்டேன். இது என்னுங்க பொதராட்டக் கெடக்குது?"

"குருவி, பட்டாம்பூச்சியெல்லாம் வந்து தங்கட்டும்னு வெச்சோமுங்க."

"குருவியா?" அவர் தம் சோளத்தைப் பார்த்தார். அது அப்போதுதான் முழங்கால் தாண்டி வளர்ந்திருந்தது. "நான் கூலி குடுத்துப் பரண்ல ஆள வெச்சு ஓட்டறேன். நீங்க பக்கத்துலயே தினை வெதைச்சு விருந்துக்குக் கூப்படறீங்க."

அவர் சொன்னது நியாயம்தான்.

"புள்ளைங்க கஷ்டப்பட்டு வெச்சிருக்குது. இன்னைக்கே ஒண்ணும் பண்ண மாட்டேன்" என்றார். "சோளம் பால் புடிக்கையில வாரேன். என்ற காட்டுல குருவி சாஸ்தியா உக்காந்துச்சுன்னா, வேலியோட சேத்து உழுது போடுவேன். அப்பறம் வருத்தப்படாதீங்க."

இதைப் பிள்ளைகளிடம் மறைக்கவில்லை. மறைத்தாலும் மறைந்திருக்காது, வேலியின் இந்தப் பக்கம் அத்தனை பேரும் காதை வைத்துக்கொண்டு நின்றார்கள். அந்த ஐப்பசி முழுவதும் பரண்காரி மகளுக்குத் தினம் ஒரே கேள்விதான்: "உங்கம்மா என்ன சொல்லுச்சு, குருவி சாஸ்தியா கம்மியா?" தாயோ மகளிடம் சிரித்துக்கொண்டே, "சாஸ்தின்னா உங்க தோட்டம் போகும், கம்மின்னா என்ற கூலி போகும். நான் எதச் சொல்லட்டும் சாமி?" என்றாளாம்.

கார்த்திகையில், இரவு மழை பெய்து வெறித்த ஒரு காலை, பண்ணாடி வந்தார். கூடவே ஓர் ஆள், பூட்டிய ஏரோடு. மாடுகளை வேலிக்கு வெளியே நிறுத்திவிட்டு, அவர் மட்டும் படல் திறந்து தோட்டத்துக்குள் வந்து தொட்டி அருகே நின்றார். நான் பிள்ளைகளை உட்காரவைத்து வாய்ப்பாடு சொல்லச் சொன்னேன். வாய்கள் வாய்ப்பாட்டிலும் கண்கள் ஜன்னலிலும் இருந்தன.

அப்போதுதான் அந்தக் கூட்டம் வந்தது. சில்லைகள். சின்னஞ்சிறு பழுப்புக் குருவிகள், ஒரு கூடைச் சருகை வீசியதுபோல் வந்து ஒரு வட்டம் அடித்துத் தினைமேல் இறங்கின. கதிர்கள் கனம் தாங்காமல் வளைந்தன. இத்தனை மாதமாக எதற்குப் பாடுபட்டோமோ அது கண்ணெதிரே நடந்தது.

"ஆயோ...!"

குரல்காரப் பெண்தான். அடுத்த நொடி பள்ளி முழுவதும் எழுந்து நின்றது. சிலேட்டைத் தட்டினார்கள், கையைத் தட்டினார்கள், ஜன்னலில் ஏறி நின்று "ஆயோ, ஆயோ" என்று கூவினார்கள். எங்கள் பக்கத்தில் நடக்கத் தெரிந்த பிள்ளையைப் பரணில் ஏற்றிவிடுவார்கள். கதிர்மேல் குருவி உட்கார்ந்தால் கை தானாக உயரும், வாய் தானாகத் திறக்கும். நான் கற்றுக்கொடுத்ததெல்லாம் அதற்குப் பிறகு வந்தது.

ஆனால் நான் வெளியே பார்த்தபோது, எல்லோரையும்விட உரக்கக் கத்திக்கொண்டிருந்தவர் பண்ணாடி. துண்டைத் தோளிலிருந்து உருவித் தலைக்குமேல் சுழற்றிக்கொண்டு தினைப் பாத்தியை நோக்கி ஓடினார்.

குருவிகள் எழுந்தன. வேலியைத் தாண்டின. நேராக அவர் சோளக்காட்டில் போய் இறங்கின.

பரண்மேலிருந்து அந்தத் தாயின் குரல் வந்தது. "ஏனுங்க பண்ணாடி, நான் இங்க தொண்டை வத்தக் கத்திக்கிட்டு இருக்கறேன். நீங்களே அங்கிருந்து ஓட்டி உடறீங்களே, இது நாயமுங்களா?"

"பேசாத ஓட்டு புள்ள" என்றார் அவர், மூச்சு வாங்க.

அவள் தகரத்தைத் தட்டினாள். கவணில் ஒரு கல்லை விட்டாள். கூட்டம் மறுபடி எழுந்து, மறுபடி தினைக்கே வந்தது. பிள்ளைகள் மறுபடி எழப் பார்த்தார்கள். நான் வாசலில் இரண்டு கைகளையும் விரித்து நின்று, "உக்காருங்க. கையைக் கட்டுங்க" என்றேன். குரல்காரப் பெண் இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்திலிருந்தவள் நம்பிக்கையில்லாமல், அதற்குமேல் தன் கையையும் வைத்தாள்.

தோட்டத்தில் பண்ணாடியின் துண்டு பாதி உயர்ந்து நின்றது. பிறகு மெல்ல இறங்கித் தோளுக்குப் போனது.

குருவிகள் தின்றன. யாரும் அசையவில்லை. ஏர் மாடு ஒன்று தலையை ஆட்டியபோது அதன் கழுத்துச் சலங்கை மட்டும் கேட்டது.

"இன்னொருக்கா ஓட்டு" என்று பண்ணாடி, குனிந்தபடி, பரணைப் பார்த்துக் கையால் சாடை காட்டினார். அவள் ஓட்டினாள். காட்டின் மறுகோடியில் மிச்சமிருந்த குருவிகளும் எழுந்து இங்கே வந்தன. இரண்டு கிளிகள் நொச்சியில் உட்கார்ந்து சத்தம் போட்டன. அவர் தொட்டி ஓரத்துக் கற்குவியலில் உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்து, அடிமேல் அடி வைத்து, குருவிகள் கலையாமல் பள்ளி வாசலுக்கு வந்தார்.

"முன்னெல்லாம் ஓட்டுனா அங்க இங்க சுத்திப்போட்டு மறுக்கா என்ற காட்டுக்கேதான் வருமுங்க. வேற போக்கிடமில்ல. இப்ப இங்க உக்காந்துக்குது" என்றார் தணிந்த குரலில். பிறகு பிள்ளைகளைப் பார்த்தார். "ஏஞ்சாமி, இந்தக் கத்துக் கத்தறீங்களே. நீங்க கத்துனா அதுக என்ற காட்டுக்கல்லோ வருது?"

"நீங்களுந்தாங்க கத்துனீங்க" என்றாள் குரல்காரப் பெண், விரல்களுக்கிடையிலிருந்து.

நான் அவளை அதட்ட வாய் திறந்தேன். அவர் சிரித்துவிட்டார்.

"கத்துனேன். அறுப்பு முடியறவரைக்கும் நானும் கத்தல, நீங்களும் கத்தக் கூடாது. சரிங்களா?"

"சரிங்க" என்று நாற்பது வாய்கள் ரகசியம் போலச் சொல்லின.

வெளியே நின்ற ஆள் கேட்டான். "பண்ணாடி, ஏரு?"

"மேக்கால காட்டுக்கு ஓட்டீட்டுப் போ."

மாடுகள் திரும்பின. நான் நன்றி சொல்லத் தொடங்கினேன். அவர் காதில் வாங்கவில்லை. தினைப் பாத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். கதிர்களில் பாதி வெறும் சக்கையாகிவிட்டிருந்தது.

"இது நாலஞ்சு நாளைக்குத் தாங்குமுங்களா?"

"தாங்காதுங்க."

"சோளம் முத்த இன்னும் எத்தன நாளிருக்குது. இங்க தீந்துபோச்சுன்னா அப்பறம் அங்கதானுங்களே வரும்." தாடையைத் தடவினார். "ஊட்டுல கம்பங்கதிரு கெடக்குது. அனுப்பறேன்."

சாயங்காலம் ஆளை மட்டும் அனுப்பாமல் அவரே வந்தார். பின்னால் அவர் பண்ணையாள் தலையில் இரண்டு கட்டுக் கம்பங்கதிர். பள்ளி விட்டும் பிள்ளைகள் போகவில்லை. கதிர்களை ஐந்தாறாகச் சேர்த்து நாரால் கட்டிக் கிளுவை வேலியில் தொங்கவிடும் வேலை நடந்தது. சமமான இடைவெளி விட்டுக் கட்டும்படி நான் சொல்லிக்கொண்டு வந்தேன். யாரும் அப்படிக் கட்டவில்லை. பண்ணாடி துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு பின்னாலேயே வந்து, தொங்கிய கொத்துகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து மேல்கிளைக்கு மாற்றினார்.

"ஒசக்கக் கட்டு சாமி. கீழ இருந்தா எலி தின்னுபோடும்."