மினுக்காத சாம்பல்

வலது கை மவுஸைப் பிடித்து ஒரு வட்டத்தை மெல்ல மூடிக்கொண்டிருந்தது. இடது கை விசையை ஒரு தட்டு முன்னால், ஒரு தட்டு பின்னால் என்று படத்தை ஓட்டிக்கொண்டிருந்தது. திரையில் இதயத்து ரத்தக்குழாய் ஒன்றின் குறுக்குவெட்டு. நூல் தடிமனுள்ள கம்பி நுனியில் அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்து, குழாய்க்குள்ளேயே அனுப்பி, உள்ளேயிருந்து எடுத்த படம். உள்வட்டம் ரத்தம் ஓடும் வழி. வெளிவட்டம் குழாயின் சுவர். நடுவில் இருப்பதெல்லாம் படிந்த கொழுப்பு. அது நூற்றுக்கு எத்தனை பங்கு இடத்தைப் பிடித்திருக்கிறது என்று சொல்வதுதான் அந்தக் கைகளின் வேலை.

ஆஸ்பத்திரியில் அவளைக் கோட்டுக்காரி என்பார்கள். பத்து வருஷம் நில வரைபடங்களை நகல் எடுத்தவள்; அந்த வேலையை இயந்திரம் பறித்துக்கொண்டதும் இங்கே வந்தாள். யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை. பழைய படங்களைத் தானே அளந்து, டாக்டர்கள் அளந்ததோடு ஒப்பிட்டு, திட்டு வாங்கித் தேறினாள். முறைகளையும் தானே வகுத்துக்கொண்டாள். நோயாளியின் பெயர் வரும் திரை மூலையில் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டுவாள். குழாய்க்கு எதற்குப் பெயர் என்பாள். நின்ற படத்தை நம்பமாட்டாள். இளகிய கொழுப்பும் ரத்தமும் ஒரே சாம்பல் நிறம். ஓடவிட்டால்தான் குட்டு வெளிப்படும்: மினுக்குவது ரத்தம், மினுக்காதது கொழுப்பு. எதையும் இரண்டு முறை அளப்பாள்.

முதல் அளவு எழுபத்தாறு வந்தது. எழுபதைத் தாண்டினால் குழாயை விரிக்க மறுபடி சிகிச்சை மேசைக்கு, இல்லாவிட்டால் மாத்திரையோடு வீட்டுக்கு என்று டாக்டர் காலையிலேயே சொல்லியனுப்பியிருந்தார். சாயம் செலுத்தி எடுத்த படத்தில் குழாய் வழவழவென்றுதான் இருந்ததாம். ஆள் மட்டும் நெஞ்சு அடைக்கிறது என்கிறாராம்.

தாளில் பெயர் எழுதுவதற்காகப் பிளாஸ்திரியை உரித்தாள். அண்ணன் பெயர். அப்பாவின் முதலெழுத்து. வயது நாற்பத்தொன்பது.

ஊரில் அந்தப் பெயரில் வேறு ஆளா இல்லை என்று பிறந்த தேதியைப் பார்த்தாள். அதற்குப் பிறகு பார்க்க ஒன்றும் இல்லை. பிளாஸ்திரி விரலோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். ஒல்லிக்குச்சி. கெட்ட கொழுப்பு தொண்ணூற்றெட்டு என்று போட்ட ரத்த ரிப்போர்ட்டை மடித்துப் பர்ஸில் வைத்திருப்பார். விருந்துகளில் அவள் புருஷன் இரண்டாம் தடவை சாதம் கேட்டால் அதை எடுத்து விசிறிக்கொள்வார். இவளும் சேர்ந்து சிரித்தவள்தான். போன மாதம், நாலாவது மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று அவர் சொன்னபோது, "உன் ரிப்போர்ட்டுக்கு இதெல்லாம் அடுக்குமா? வாயுவா இருக்கும்ணா" என்றாள். தொண்ணூற்றெட்டு என்பது அன்றைய ரத்தத்தின் கணக்கு. சுவரில் இருபது வருஷமாக ஏறியதன் கணக்கு அல்ல. தினமும் பார்ப்பவளுக்கே தெரியாமல் போனது.

கீழ்த்தள வார்டுக்குப் போன் போட்டாள். நர்ஸ் அவரிடம் கொடுத்தாள்.

"அண்ணா, நான்தான்."

"அட, அதுக்குள்ள மாட்டிக்கிட்டேனா." குரலில் கொஞ்சமும் அலட்டலில்லை. "உங்கிட்ட சொன்னா வாயுன்னு சொல்லிச் சிரிப்பே. அண்ணிகிட்ட சொன்னா அழுவா. அதான் வேலைக்குப் போற மாதிரியே கிளம்பி வந்துட்டேன்."

அவள் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"ஏன்டி, என் பேப்பரைத் திருத்துறது நீதானா? அப்போ கவலையில்லை. பாஸ் போட்டு அனுப்பு."

போனை வைத்துவிட்டு இரண்டாம் அளவுக்கு உட்கார்ந்தாள். எப்போதும்போலக் கோடு வழுக்கிக்கொண்டு போனது. உள்வட்டம், வெளிவட்டம். ஐம்பத்தெட்டு.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். ஐம்பத்தெட்டேதான்.

அப்பாடா என்று ஒரு மூச்சு, அவளைக் கேட்காமலே வெளியே வந்தது. வீட்டுக்கு அனுப்பிவிடலாம். முதலாவதுதான் தப்பாக இருக்கும், காலையில் கண் அசந்திருக்கும் என்று மனசு அவசரமாக வக்கீல் வேலை பார்த்தது. அப்போதுதான் இடது கையைக் கவனித்தாள். அது மடியில் கிடந்தது. விசையைத் தொடவே இல்லை. படத்தை ஓடவிடாமல், நின்ற படத்தில் வரைந்திருக்கிறாள். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் செய்யாத காரியம்.

ஓடவிட்டாள். நடுவில் ரத்தம் எறும்புக்கூட்டம்போல மினுக்கியது. அதைச் சுற்றிப் பிறைபோல ஒரு சாம்பல் பட்டை, அசையாமல் கிடந்தது. தன் கோடு அந்தப் பிறையையும் சேர்த்து ரத்தம் என்று வளைத்துப் போட்டிருந்தது. அண்ணனுக்கு நோய் என்பதைவிட இது பெரிய இடியாக விழுந்தது. அவர் கேட்டார், கை பாஸ் போட்டுவிட்டது. அந்தப் பிறையோடு அவர் நாளைக்கு நாலு மாடி ஏறியிருப்பார்.

பிளாஸ்திரியை மறுபடி மூலையில் ஒட்டினாள். பசை போய்விட்டிருந்ததால் கட்டைவிரலால் அழுத்திப் பிடிக்க வேண்டியிருந்தது. தெரிந்த பெயரை மறைத்து என்ன பயன் என்று தோன்றியதும் எடுத்துக் குப்பையில் போட்டாள். படத்தைத் தலைகீழாகத் திருப்பினாள். பழகிய வழியில் கை ஓடாதிருக்க. ஓட்டினாள், நிறுத்தினாள், மறுபடி ஓட்டினாள். மினுக்குவதை மட்டும் உள்ளே விட்டு வட்டத்தை மூடினாள்.

எழுபத்தைந்து.

மூன்று எண்களையும் வரிசையாக எழுதினாள். நடுவில் இருந்ததன் எதிரே, ‘படத்தை ஓடவிடாமல் அளந்தது; என் தவறு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். தாளை எடுத்துக்கொண்டு டாக்டர் அறைக்கு நடந்தாள்.

டாக்டர் புருவத்தை உயர்த்தினார். "நீங்களா இப்படி? நடுவுல இருக்கறதை அடிச்சுட்டு வேற தாள்ல எழுதியிருக்கலாமே."

"என் கூடப்பிறந்த அண்ணன் சார்," என்றாள். "என் கையை நீங்க நம்பக்கூடாது. ஓடவிட்டு ஒரு தடவை நீங்களே அளந்து பாத்துட்டு, அவரை மேசைக்குக் கூப்பிடுங்க."

அவர் கையை நீட்டினார். தாளின் ஒரு முனையை அவர் பிடித்த பிறகும் மறுமுனை அவள் விரல்களில் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு விட்டாள்.