தும்மலுக்குப் பின் ஒரு சொல்

ஆரணி இரண்டு கைகளாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு கதவருகே நின்றாள். நான்கு வயது. ஹம்பேர்க்கில் ஒரு கீட்டாவில், அதாவது மழலையர் பராமரிப்பகத்தில், நான் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தேன். தும்மப் பயந்து அழுத பிள்ளையை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

குற்றவாளி நான்தான். ஆங்கிலக் குழு என் பொறுப்பில் இருந்தது. பிள்ளைகள் கைகோத்துச் சுற்றி, தும்மி, கடைசியில் பொத்தென்று விழுகிற அந்தப் பழைய ஆங்கிலப் பாட்டு காலை வட்டத்தில் தினமும் உண்டு. முந்தைய வாரம் எல்டர்ன்ஆபென்ட், அதுதான் பெற்றோர் கூட்டம். கொஞ்சம் கெட்டித்தனம் காட்ட ஆசைப்பட்டேன். "இது பிளேக் நோயைப் பற்றிய பாட்டு. பாட்டில் வரும் பூக்கள் நாற்றத்தை மறைக்க. தும்மல் நோய்க்குறி. விழுவது சாவு" என்று டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், விளக்கினேன். எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். எங்கே படித்தேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முழித்திருப்பேன்.

ஆரணியின் அம்மா நிரோஜா இங்கேயே வளர்ந்தவள். வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீங்கள் சொன்னதைத்தான் வீட்டை போய்ச் சொன்னனான். இப்ப இவளுக்குத் தடிமன், மூக்கு ஒழுகுது. ஒவ்வொரு தும்மலுக்கும் 'அம்மா, நான் சாகப்போறனோ' எண்டு கேக்கிறாள். சாப்பாடும் இல்லை. உண்மையா அந்தப் பாட்டு அதுதானோ?"

"பாத்துச் சொல்லுறன்" என்றேன். பார்த்துவிட்டுச் சொல்லியிருக்க வேண்டியவள் நான்.

மதிய இடைவேளையில் தேடி வாசித்தேன். பிளேக் கதையை ஆராய்ச்சியாளர்கள் பெரும்பாலும் நம்புவதில்லை. அந்த நோய் போய் நெடுங்காலத்துக்குப் பிறகுதான் பாட்டு அச்சில் வந்திருக்கிறது. பழைய வடிவங்கள் சிலவற்றில் தும்மலே இல்லை. விளக்கம் பாட்டைவிட மிகவும் இளையது. அப்படியானால் உண்மைப் பொருள் என்ன? யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாளும் ஆரணி கதவருகேதான். பொத்திய கையையும் மீறித் தும்மிவிட்டாள். முகம் வெளிறியது. என் வாயில் பழக்கதோஷத்தில் "நூறு!" என்று வந்தது.

"நூறு எண்டா என்ன, அன்ரி?"

"நூறு வயசு இருக்கோணும் எண்டு."

"பாட்டில அப்பிடியோ இருக்கு?"

ஓம் என்றால் காரியம் சுலபம். வாய் வரைக்கும் வந்தது.

"இல்லைப் பிள்ளை. இது எங்கட வீட்டில சொல்லுறது. பாட்டு எதைப் பற்றினது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. அன்ரி பிழையாச் சொல்லிப்போட்டன்."

யோசித்தாள். மறுபடி தும்மினாள். "இருநூறு" என்றேன். சிரித்துக்கொண்டு வட்டத்துக்கு ஓடினாள். அன்று முதல் எங்கள் பிள்ளைகள் தும்மியதும் "நூறு!" என்று கத்திவிட்டுத்தான் விழுந்தார்கள். அடுத்த எல்டர்ன்ஆபென்டில் பெற்றோரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அடுத்த வருடம் புதிதாகச் சேர்ந்த ஜெர்மன் சக ஊழியர் ஒருவர், கீட்டாவைப் பார்க்க வந்த பெற்றோருக்கு விளக்கிக்கொண்டிருந்தார்: "அந்த 'நூரு' ஒரு பழைய ஆங்கிலச் சொல். மாலுமிகள் பேச்சில் இருந்து வந்தது." அவர்களும் வாயைப் பிளந்தார்கள். நான் பேச வாயெடுப்பதற்குள் வட்டத்தில் இருந்து ஆரணி டொச்சில் திருத்தினாள்.

"இல்லை. அது நான் தும்மினபோது அன்ரி சொன்னது."

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல எனக்கு ஒன்றுதான் உண்டு. தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் ஓர் ஆரணி சாட்சியாக இருக்கமாட்டாள்.