பெரியப்பா வாங்கிக் கொடுத்த கைதட்டல்

மேடையில் ஒரு தலைவர் வேற்று மொழியில் பேச, பக்கத்தில் ஒருவர் நின்று தமிழில் சொன்னால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. காரணம் என் பெரியப்பா.

வடக்கே ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். டெல்லியிலிருந்து ஒரு தலைவர் திருநெல்வேலி வண்ணார்பேட்டைக்குப் பேச வந்தபோது கட்சிக்காரர்கள் அவரைத்தான் மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள். வீட்டில் கல்யாணக் களை வந்துவிட்டது. கூட்டத்தில் என்னையும் அத்தையையும் முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். அத்தை பெரியப்பாவின் தங்கை. பம்பாயில் பல வருஷம் குழாயடியில் குடத்தோடு நின்று இந்தி கற்றவள். மாமா இறந்த பிறகு, கால்வாயின் கடைசியில் கிடந்த துண்டு வயலை நம்பி ஊருக்கு வந்திருந்தாள். கங்கைகொண்டான் பக்கம் வரப்போகும் ஆலைக்கு ஆற்றுத் தண்ணீரைக் கொடுத்துவிட்டால் கார் பருவத்து நெல்லுக்கு என்ன மிஞ்சும் என்பதுதான் அவளுக்கும் ஊருக்கும் அப்போது கவலை.

தலைவர் இந்தியில் இரண்டு வாக்கியம் பேசி நிறுத்துவார். பெரியப்பா பிடித்துக்கொள்வார். தாமிரபரணித் தாயின் பிள்ளைகளே என்பார். உங்கள் வயலில் ஒரு கதிர் வாடப் பொறுப்போமா என்பார். கைதட்டல் அடங்க நேரமாகும். தலைவர் முகம் மலர்ந்து இன்னும் உரக்கப் பேசினார். நானும் உள்ளங்கை சிவக்கத் தட்டினேன். அத்தை மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு மேடையை முறைத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து பெரியப்பா மாலையைக் கழற்றுவதற்குள் அவர் முன்னால் போய் நின்றாள். தலைவர் தாயைப் பற்றியும் பேசவில்லை, கதிரைப் பற்றியும் பேசவில்லையாம். ஆறு தேசத்தின் சொத்து, ஆலைக்குப் போக மிச்சம்தான் வயலுக்கு, அந்தத் தியாகத்தைச் செய்கிறவன்தான் தேசபக்தன் என்று திரும்பத் திரும்பச் சொன்னாராம்.

பெரியப்பா மறுக்கவே இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. "ஏட்டி, தேசம் தியாகம்னா நம்மூர்ல எவன் தட்டுவான்? நம்ம ஆளுகளுக்குத் தக்கன சொன்னேன்," என்றார், ஏதோ குழம்பில் உப்பைச் சரிபார்த்தவர் மாதிரி.

"அந்த ஆளு தண்ணி கிடையாதுன்னு நேராச் சொன்னான். நீங்க அதுக்கு எங்களக் கைதட்ட வச்சிட்டியளே, அண்ணே."

அப்போது எனக்கு அத்தை மேல்தான் கோபம். பெரியப்பா சொன்னது எவ்வளவு அழகாக இருந்தது, அதைப் போய்க் குறை சொல்கிறாளே என்று நினைத்தேன்.

மறு வருஷம் ஆலைக்குத் தண்ணீர் போனது. கார் பருவத்தில் அத்தையின் வயல் வெடித்துக் கிடந்தது. அந்த நாட்களில் ஒருநாள் அதே தலைவரை டிவியில் காட்டினார்கள். திருநெல்வேலி மக்களிடம் நேரிலேயே கேட்டேன், ஆரவாரம் செய்து சம்மதித்தார்கள் என்று வேறெங்கோ பேசிக்கொண்டிருந்தார். அத்தை எழுந்து டிவியை அணைத்தாள்.

அவர் ஏன் இப்படிப் பொய் சொல்கிறார் என்று அவளைக் கேட்டேன். அவருக்குத் தமிழ் தெரியாது, அவர் காதில் விழுந்தது எங்கள் கைதட்டல் மட்டும்தான் என்பது அந்த வயதில் எனக்குப் புரியவில்லை.