சின்ன ஃபைல்களை மறந்துவிட்டேன்

சங்கரன்கோவிலில் நானும் என் கணவரும் ஸ்டூடியோ நடத்துகிறோம். முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்களில் பெண்கள் பகுதியை நான்தான் எடுப்பேன், எடிட்டிங்கும் நானே. ஆண்கள் கண்ணில் படாது என்று வாக்குக் கொடுத்துத்தான் வேலையே வாங்குவேன்.

அன்று கடையநல்லூர்க் கல்யாணம். கேமரா ஃபைல்களை அப்படியே போட்டால் எங்கள் கம்ப்யூட்டர் திணறும். அதனால் எல்லாவற்றையும் சின்ன ஃபைல்களாக மாற்றித்தான் எடிட் செய்வேன். ஒரிஜினல் இருந்த ஹார்டு டிஸ்க்கை வீட்டு பீரோவில் வைத்துப் பூட்டினேன். மாற்றியவை கடைக் கம்ப்யூட்டரிலேயே கிடப்பது எனக்கு உறைக்கவே இல்லை.

மறுநாள் கடைக்குப் போனால், மாப்பிள்ளையின் நண்பர் நிற்கிறார். கணவர் அவருடைய பென் டிரைவில் எதையோ ஏற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன ஏத்துதீங்க?"

"ஸ்டேட்டஸ் வைக்கக் கேட்டாரு. சின்ன ஃபைலா இருந்துச்சு, போன்ல ஓடும்லா? ஆம்பளைங்க பக்கம்தானே இது?"

திரையில் ஓடிய ஃபைல் எண்களைப் பார்த்ததுமே என் கேமராவில் எடுத்தவை என்று தெரிந்துவிட்டது. அத்தனையும் பெண்கள் பகுதி. பென் டிரைவில் ஏறியதை அழித்துவிட்டு, ஆண்கள் பகுதியை ஏற்றிக் கொடுத்தேன். நல்லவேளை, இருவருமே எதையும் திறந்து பார்த்திருக்கவில்லை.

கல்யாணப் பெண்ணின் அம்மா வீடியோ வாங்க வந்தபோது, "வேற யாரும் பாக்கலைல்லாம்மா?" என்றார்.

"இல்லம்மா" என்றேன். உண்மைதான். ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

இப்போதெல்லாம் சின்ன ஃபைல்களையும் பீரோவில் பூட்டும் அந்த டிஸ்க்கிலேயே வைக்கிறேன். ஒவ்வொரு கல்யாண வேலை முடிந்ததும் பெண்ணின் அம்மாவைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, அவர் கையாலேயே அவற்றை அழிக்கச் சொல்கிறேன்.