முந்தைய நாளே எழுதிய ரெக்கார்டு

குரோம்பேட்டையில் பள்ளியின் தொழிற்கல்விப் பிரிவில் படித்தபோது, நாளைய செய்முறையை இன்றே ரெக்கார்டு நோட்டில் எழுதி முடித்துவிடுவேன். அலுமினிய வார்ப்புக்கும் அப்படித்தான்: "அச்சு மணலில் ஈரம் அதிகமில்லை என்று சோதித்தேன். வார்ப்பு நன்றாக வந்தது." எழுதியாகிவிட்டதால் மறுநாள் மணலைத் தொட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. மழையில் கூரை ஒழுகி அது நனைந்திருந்தது.

உருகிய அலுமினியத்தை நீளப் பிடி வைத்த கரண்டியால் ஊற்றப் போனேன். நண்பன் அன்வர் அச்சின் மேல் குனிந்து, "இன்னா மச்சான், பாயசமா ஊத்துற? சீக்கிரம்டா" என்றான்.

ஊற்றத் தொடங்கியதும் அவனுக்குப் பின்னாலிருந்து ஆசிரியர், "அன்வர், உன் ரெக்கார்டு எங்கடா?" என்று கத்தினார். அவன் நிமிர்ந்து திரும்பினான். அதே நொடியில் மணலின் ஈரம் ஆவியாகி வெடித்து, உலோகம் சிதறியது. அவன் சட்டை முதுகில் பொத்தலாகி இரண்டு கொப்புளங்கள் வந்தன. முகத்தில் ஒன்றுமில்லை. ரெக்கார்டு எழுதாததால் அவன் கண்கள் தப்பின. எழுதிய எனக்கு ரெக்கார்டுக்கான முழு மதிப்பெண் கிடைத்தது.

இப்போது ஓய்வில் இருக்கிறேன். கேஸ் அடுப்பைப் பரிசோதிக்க வருபவர் வாசலிலேயே படிவத்தை நீட்டி, "ஒரு சைன் போடுங்க சார், எல்லா வூட்லயும் போட்டுட்டாங்க" என்பார்.

"முதல்ல உள்ள வந்து டியூபைப் பாருங்க" என்பேன். அதுவரை பேனாவின் மூடியைக்கூடத் திறப்பதில்லை.