இருவர் பெயரில் வரைந்தவர்

அம்பத்தூர் ஓவியக் கண்காட்சியில் படங்களை மாட்டும் வேலை என்னுடையது. அங்கே வழக்கமாகப் படம் வைக்கும் ஓர் ஓவியத் தம்பதியில் கணவருக்குப் பக்கவாதம் வந்து வலக்கை விழுந்திருந்தது. நினைவும் தவறத் தொடங்கியிருந்தது. ஆனாலும் ஆவடி, பூந்தமல்லி என்று அந்த மாதக் கண்காட்சிகள் எல்லாவற்றுக்கும் இருவர் பெயரிலும் படங்கள் வந்தன.

"ரெண்டும் நான்தாண்ணா போடறேன். நோட்டீஸ்ல பேரு இல்லன்னா உடைஞ்சி பூடுவாரு," என்றார் அந்த அம்மா, கட்டைவிரல் சாயத்தைப் புடவைத் தலைப்பில் துடைத்தபடி.

கணவர் பெயரிலிருந்த ஏரிப் படத்துக்குப் பரிசு கிடைத்தது. சக்கர நாற்காலியில் வந்தவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது நான் போட்டது இல்லியே."

"நீதான்யா போட்ட. மறந்துட்ட."

அவர் என்னைப் பார்த்தார். நானும் ஆமாம் என்றேன்.

இடக்கையால் பரிசை வாங்கும்போது அழுதார். மறந்துபோனதற்காகவா, எங்கள் பொய் புரிந்துவிட்டதாலா, தெரியவில்லை. அந்த அம்மாவிடம் கேட்க எனக்கு இன்றுவரை துணிவு வரவில்லை.