உதட்டுக்கு மேல் ஒரு மச்சம்

ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்தவள் நான். பழியை ஃபிளெக்ஸ் கடைக்காரர்மேல் போட்டுவிட்டு, ஆறு ஆண்டுகளாக மரியாதையோடு நடமாடிக்கொண்டிருக்கிறேன்.

நான் பல் மருத்துவர். ஸ்ரீவில்லிபுத்தூரில் என் முதல் கிளினிக். அங்கேதான் செல்வராணி வந்தாள். சேத்தூர்க்காரி, பேண்டேஜ் துணி ஆலையில் வேலை. ஊர்த் தண்ணீரின் வேலையால் சிறுவயது முதலே முன்பற்களில் பழுப்புக் கறை. பெண் பார்க்க வந்த மூன்று குடும்பங்கள் அதைக் கண்டு எழுந்து போயிருந்தன.

ராஜபாளையத்தில் பல் டாக்டர்களே இல்லையா? இருந்தார்கள். தெரிந்தவர் கண்ணில் படக்கூடாது என்றுதான் அதைத் தாண்டி என்னிடம் பஸ் ஏறி வந்தாள்.

மூன்று முறை வெண்மையாக்கும் மருந்து பூசினேன். குளிர்ந்த நீர் பட்டாலே பல் கூசித் துடித்தாள். ஆனாலும் தவறாமல் வந்தாள். கடைசி நாளில் கண்ணாடியைக் கையில் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தாள்... பிறகு வாயைப் பொத்தாமல் சிரித்தாள்.

சிகிச்சைக்கு முன்னும் பின்னும் நான் படம் எடுத்திருந்ததை அவள் மறக்கவில்லை.

"அந்த போட்டோவ எங்கயும் போட்டுறாதீக டாக்டரம்மா. கட்டிக்கிடப் போற வீட்டுல தெரிஞ்சா அம்புட்டுத்தான்."

போடமாட்டேன் என்றேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்!

அடுத்த மாதமே ராஜபாளையத்து வரன் ஒன்று கூடிவந்து, அவளுக்குத் திருமணமானது. அந்த ஆண்டே நானும் ராஜபாளையத்தில் இரண்டாவது கிளினிக்கைத் திறந்தேன். விளம்பரப் பலகைக்கு ஒரு படம் தேவைப்பட்டது. என்னிடம் இருந்தவற்றில் அவளுடையதைப் போல எடுப்பான மாற்றம் வேறெதிலும் இல்லை. வாய் மட்டும்தானே தெரியும், யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

கணினியில் படத்தைப் பெரிதாக்கிய கடைக்காரர் கேட்டார்: "உதட்டுக்கு மேல மச்சம் இருக்கே மேடம், அழிச்சிரவா?"

"இருக்கட்டும். அப்பத்தான் நெசப் படம்னு நம்புவாங்க" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அறியாமையா? இல்லை... அது யாருடைய மச்சம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்!

பஸ் நிலையத்துக்குப் போகும் வழியில் பலகை நின்றது. ஒரு மாதத்தில் செல்வராணி புதிய கிளினிக்குக்கு வந்தாள். முந்தானையால் வாயை மூடியிருந்தாள்.

நாத்தனார்தான் முதலில் அடையாளம் கண்டிருக்கிறாள். கணவன் பலகையைக் கைப்பேசியில் படம் பிடித்துவந்து, குடும்பமே கூடியிருந்தபோது அவள் முகத்தருகே நீட்டி ஒப்பிட்டுக் காட்டினானாம். இன்னும் எதையெல்லாம் மறைத்தாய் என்று கேட்டானாம். பிறக்கும் பிள்ளைக்கும் அந்தப் பல்தான் வரும் என்றாளாம் மாமியார். அது தண்ணீரால் வந்த கறை, பரம்பரை நோயல்ல என்று அந்த வீட்டில் போய் நானல்லவா சொல்லியிருக்க வேண்டும்! போகவில்லை. அவளைச் சேத்தூரில் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள்.

"நீங்களா குடுத்தீக?" அவ்வளவுதான் கேட்டாள்.

கடைக்காரர் படத்தை மாற்றிப் போட்டுவிட்டார் என்றேன். பொய் தடங்கலின்றி வந்தது. அவள் முகம் தெளிந்தது... அதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

"உங்களத் தப்பா நெனச்சுட்டேன் டாக்டரம்மா" என்றாள். முந்தானையை விலக்கிப் பல்லைக் காட்டி, "இத பழையபடி ஆக்க முடியுமா?" என்று கேட்டாள்.

நாளாக நாளாக வெண்மை கொஞ்சம் மங்கும் என்றேன். தலையசைத்துவிட்டு எழுந்து போனாள்.

அன்றே பலகையை இறக்கச் சொன்னேன். ஆனால், அதைப் பார்த்துத் தேடி வந்தவர்களை நான் திருப்பி அனுப்பவில்லை. அவள் மீண்டும் ஆலைக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டேன். கணவன் வீட்டிலிருந்து யாரும் அழைக்க வரவில்லை. ஒருநாளாவது சேத்தூர் பஸ்ஸில் ஏறி உண்மையைச் சொல்லிவிட்டு வந்தேனா? இல்லை.

சென்ற வாரம் ஒரு பெண் வந்தாள். செல்வராணியின் சித்தி மகள். அதே கறை. கல்யாணப் பேச்சு நடக்கிறதாம்.

யார் அனுப்பியது என்று கேட்டேன்.

"அக்காதான். நம்பிப் போ, அவிய யார்கிட்டயும் சொல்ல மாட்டாகன்னு சொன்னா."

கையுறையை மாட்டிக்கொண்டேன். வாயைத் திறக்கச் சொன்னேன்.